மகளை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பினால் கூச்சம் போய்விடுமா?

கரூர்க்காரன்:

வணக்கம். கரூரில் மேஜை விரிப்பு, தலையணை உறை தைத்து ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். மகள் கோவையில் மெக்கானிக்கல் முடித்தாள். நல்ல மார்க். ஜெர்மனியில் படிக்க நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. ஸ்டுட்கார்டில் எம்.எஸ்சி. இடமும் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு.

பணத்தைப் பற்றிக் கேட்க வரவில்லை. வருடத்துக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டும், மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும், ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்றாலும் ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் நம் பிள்ளைகளுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, எல்லாம் விசாரித்துவிட்டேன். என் கேள்வி வேறு.

மகள் யாரிடமும் வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டாள். ஹோட்டலில் இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்ப்பாள், நான் கேட்டு வாங்க வேண்டும். ஹாஸ்டல் ரூமில் ஃபேன் ரிப்பேர் ஆனதை வார்டனிடம் சொல்லாமல் ஒரு கோடை முழுக்க ஓட்டியிருக்கிறாள். லீவுக்கு வந்தபோது உடம்பெல்லாம் வேர்க்குரு, அப்போதுதான் எங்களுக்கே தெரியும்.

ஏஜென்சியில் "வெளிநாடு போனால் ஆளே மாறிவிடுவாங்க சார், தன்னம்பிக்கை தானா வந்துடும்" என்கிறார்கள். என் மச்சினர் "இங்கயே பேசாதவ அங்க போய் ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடப்பா, மனசு ஒடிஞ்சுடும்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. அவளைக் கேட்டால் "போறேன்ப்பா", அவ்வளவுதான் பதில். அங்கே படித்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஓசூர்வாசி:

அண்ணா, நான் கிழக்கு ஜெர்மனியில் ஒரு ஊரில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவன். உள்ளதைச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன், எனக்கு ஆளுமை வளர்ச்சி என்று எதுவும் வரவில்லை. நாங்கள் நாலு பேர் ஒரே வீடு, எல்லாரும் தமிழும் தெலுங்கும். வகுப்பு ஆங்கிலத்தில், வீட்டில் தமிழ், பார்ட் டைம் வேலை குடோனில், அங்கே பேச்சே தேவையில்லை. பெட்டியை ஸ்கேன் பண்ணு, அடுக்கு, முடிந்தது. ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற ஆரம்ப நிலையைத் தாண்டவில்லை. சாம்பாரும் எலுமிச்சை சாதமும் நன்றாக வைக்கக் கற்றுக்கொண்டேன். டிகிரி வந்தது, கடனை அடைத்தேன், இப்போது நல்ல வேலை. இதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

ஆகவே ஆள் மாறுவதற்காக அனுப்புகிறீர்கள் என்றால் வேண்டாம். படிப்புக்காக அனுப்புங்கள். முடித்த பிறகு வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி தருவார்கள். ஜெர்மன் தெரியாவிட்டால் அந்த 18 மாதம் பஞ்சாகப் பறந்துவிடும். கூச்சத்தைப் பற்றி யோசிப்பதை விட அதற்கு அடுத்த நிலையான பி1 ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுவது உருப்படியான காரியம்.

செவக்காட்டுப்பெண்:

சார், எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். ஸ்டுட்கார்டில்தான் எம்.எஸ்சி. படித்தேன், இப்போது வேலையும் இங்கேதான். உங்கள் மகளை எனக்கு நன்றாகவே தெரியும் என்று தோன்றுகிறது. நானும் கடையில் பாக்கிச் சில்லறை கேட்காமல் வந்த ரகம்தான்.

ஏஜென்சிக்காரர் சொல்வதில் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. இங்கே யாரும் உங்கள் மகளைப் பேச வைக்க மாட்டார்கள். பேசாத பெண்ணை இந்த ஊர் அப்படியே விட்டுவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர் எந்த ஊர், என்ன படிப்பு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிக்க மாட்டார். நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "ஏன் இந்தப் புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது?" என்று நடுவீட்டில் வைத்துக் கேட்பார்களே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. வந்த புதிதில் எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. பேசாமல் இருப்பதை ஒரு குறையாகவே யாரும் நினைக்காத இடத்தில் மூச்சு கொஞ்சம் லேசாக வருகிறது.

ஆனால் கேட்காதவர்களுக்கு இங்கே ஒன்றும் நடக்காது. பரீட்சைக்குக் குறிப்பிட்ட தேதிக்குள் ஆன்லைனில் நாமே பதிய வேண்டும். தேதி போனால் போனதுதான், எழுத முடியாது. "ஏம்மா நீ இன்னும் ரிஜிஸ்டர் பண்ணலை?" என்று கூப்பிட்டுக் கேட்கும் டியூட்டர் கிடையாது. நீங்கள் கரூரிலிருந்து போன் போட்டு "என் மகள் எப்படிப் படிக்கிறாள்?" என்று கேட்டாலும் பல்கலைக்கழகத்தில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். 18 வயது தாண்டியவர் விவரம் அப்பாவுக்கும் கிடையாது. ஃபேன் ஓடாவிட்டால் அது அவளும் விடுதி அலுவலகமும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், நடுவில் நீங்கள் வர முடியாது. எனக்குத் தெரிந்து பாதிக் கூச்சம் இப்படி வேறு வழியில்லாமல்தான் போகிறது, தைரியம் வந்து போவதில்லை.

மீதிப் பாதி எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இங்கே பரீட்சை முடிவு வந்த பிறகு, திருத்திய விடைத்தாளை நேரில் போய்ப் பார்க்க ஒரு நாள் வைப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி ஜெராக்ஸ் வாங்கி மறுமதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போமே, அப்படி இல்லை. ஒரு வகுப்பறை. தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். திருத்தியவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். பேனா எடுக்கக் கூடாது, நேரமும் கொஞ்சம்தான். முதல் தடவை போனபோது எனக்கு முன்னால் ஒரு ஜெர்மன் பையன். மூன்றாவது கணக்கைக் காட்டி, "இங்கே பிளஸ்ஸுக்குப் பதில் மைனஸ் போட்டிருக்கிறேன், சரி, ஆனால் அதற்கப்புறம் செய்ததெல்லாம் சரியான முறைதானே, எதற்காக முழு மார்க்கையும் எடுத்தீர்கள்?" என்று கேட்கிறான். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. திருத்தியவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார், இரண்டு மார்க் கூட்டிப் போட்டார். அடுத்த கணக்குக்கும் கேட்டான். "இல்லை, இதற்குத் தர முடியாது" என்றார். சரி என்று தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான்.

நம் ஊரில் வாத்தியாரிடம் இப்படிக் கேட்டால் அடுத்த இன்டர்னலில் காட்டிவிடுவார் என்று பயந்தே வளர்ந்தவள் நான். இந்தக் காட்சியை வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். மார்க் கூட்டியதை விட அந்த இரண்டாவது கேள்விதான் மனதில் நின்றது. முடியாது என்று சொன்னார், அவனுக்கு முகம் கூடச் சுருங்கவில்லை. அடுத்த செமஸ்டரில் நானும் கேட்டேன். எனக்கும் முடியாது என்றுதான் பதில் வந்தது. ட்ராமில் வரும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், பசிதான் வந்தது.

நம் கூச்சத்துக்குப் பின்னால் இருப்பது பேசத் தெரியாமை என்று நினைக்கிறோம். எனக்கு அப்படி இல்லை. மறுத்துவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பயம். இங்கே ஒருவர் மறுப்பது அந்தக் கேள்வியைத்தான், கேட்டவளை இல்லை. இதைத் தினமும் பார்க்கப் பார்க்க அந்தப் பயம் தேய்ந்துபோகிறது.

அப்புறம் கேர்வோஹே. ஸ்டுட்கார்ட் பக்கம் இது பெரிய சமாச்சாரம். பழைய அடுக்கு வீடுகளில் மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வாரம் ஒரு வீட்டுக்கு முறை. ஒரு சின்னப் பலகை இருக்கும். முறை முடிந்ததும் அதைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். குளிர்காலத்தில் வாசலில் பனி விழுந்தால் காலையில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் வழித்துத் தள்ள வேண்டும். நான் இரண்டு பேருடன் பகிர்ந்துகொண்ட வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி. நான் துடைத்து முடித்த கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. படிக்குக் கூட்டிப்போய், கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்த மூலையை விரலால் காட்டினார். அங்கே ஒரு கைப்பிடித் தூசி. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் முகத்தில் திட்டுகிற தோரணையே இல்லை. "இங்கேயும்" என்று மட்டும் சொல்லிவிட்டு "நல்ல மாலைப்பொழுது அமையட்டும்" என்று கீழே இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை எனக்கு லேப் இருக்கிறது, சனிக்கிழமை துடைக்கிறேன் என்று அதே பாட்டியிடம் பிற்பாடு வாதாடினேன். நான் ஜெர்மனில் உருப்படியாகப் போட்ட முதல் சண்டை துடைப்பத்துக்காகத்தான். யோசித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்தால் சரி, ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்றார். இங்கே ஞாயிறு என்றால் கடை கிடையாது, துளை போடும் மிஷின் கிடையாது, கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போடுவது கூடக் கூடாது. முதலில் எரிச்சலாக இருக்கும். எனக்கு இப்போது ஊருக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் சத்தம் தாங்கவில்லை.

உங்கள் மச்சினர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். அக்டோபரில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு உடனே குளிர்காலம். டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் வெளிச்சம், சாயங்காலம் நாலரைக்கு இருட்டு. லேபுக்குள் போய்விட்டு வெளியே வந்தால் அன்றைக்குச் சூரியனையே பார்த்திருக்க மாட்டோம். அந்த முதல் குளிர்காலத்தில் நான் நிறையத் தூங்கினேன். வார இறுதியில் குளிக்கக் கூட எழுந்திருக்கப் பிடிக்காது. மாணவர்களுக்கு மனநல ஆலோசனை இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் அதற்கும் நாமே மெயில் போட்டு நேரம் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அதுதான் பெரிய மலை. கிளம்பும் முன்பே இதை அவளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். "உனக்கெல்லாம் அப்படி வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாறுவாளா என்று கேட்டீர்கள். மாறினால் உங்களுக்குப் பிடிக்குமா சார்? நான் போன முறை ஊருக்கு வந்தபோது பேங்கில் "எதற்காக இந்தப் பிடித்தம்?" என்று கவுண்டரில் நின்று கேட்டேன். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, "படிக்கப் போனியா, சண்டை போடக் கத்துக்கப் போனியா?" என்றார். வரன் ஒன்றை வேண்டாம் என்றேன், பெரியப்பா மூன்று மாதம் பேசவில்லை. முடியாது என்பதைக் கேட்கக் கற்றுக்கொள்ளும் பெண் முடியாது என்று சொல்லவும் கற்றுக்கொள்வாள். அதை முதலில் கேட்கப் போவது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

நெடுந்தீவான்:

ஐயா வணக்கம். நான் 80களில் அகதியாக ஜேர்மனிக்கு வந்த ஆள். தங்கச்சி நல்ல விசயமெல்லாம் எழுதியிருக்கிறா. ஒன்றை மட்டும் நான் சேர்க்கிறன்.

நாங்கள் வரேக்க பாசையும் தெரியாது, வேலை செய்ய அனுமதியும் கிடையாது. பிறகு உணவகங்களில் கோப்பை கழுவினோம். "மெல்ல மெல்ல" எல்லாம் பழகினது. அதை ஒருத்தரும் ஆளுமை வளர்ச்சி என்று சொல்லேல்லை, பிழைப்பு என்று சொன்னோம். இப்ப இந்தியாவில இருந்து வாற பிள்ளையளைப் பார்த்து, தமிழாக்களோட சேராதே, அப்பத்தான் முன்னுக்கு வருவாய் என்று சில பேர் புத்தி சொல்லினம். அது சரியில்லை. எங்களைத் தூக்கி நிறுத்தினதே எங்கட சனம்தான்.

ஹம் நகரத்தில காமாட்சி அம்பாள் கோயில் இருக்குது, 2002இல் கும்பாபிசேகம் நடந்தது. கோடையில தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில சனம் வரும். பக்கத்தில இருக்கிற கால்வாயில்தான் தீர்த்தம். ஜேர்மன்காரரும் வந்து வடம் பிடிப்பினம். போன திருவிழாவில தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருத்தி தண்ணீர்ப் பந்தலில நின்று என்ர மனிசியோட விடாமல் கதைச்சுக்கொண்டு நின்றாள். பல்கலைக்கழகத்தில ஒரு வார்த்தை கதைக்க மாட்டாளாம், அவளே சொன்னாள். தன்ர பாசையில வயிறு நிறையக் கதைச்ச பிள்ளைக்குத்தான் மற்றப் பாசையில கதைக்கத் தெம்பு வரும். ஸ்டுட்காட் ஹம்மில இருந்து தூரம்தான், ஆனால் அந்தப் பக்கமும் எங்கட சனம் நிறைய இருக்குது. பயப்படாதேங்கோ.

செவக்காட்டுப்பெண்:

ஐயா சொல்வது சரிதான். நான் சேராதே என்று சொல்லவில்லை, வீட்டுக்குள் நாலு பேரும் தமிழாக இருந்தால் ஜெர்மன் வராது என்பது ஓசூர்க்காரர் சொன்ன கணக்கு. அதில் எனக்கும் உடன்பாடு. கோவிலில் தமிழ், சமையலறையில் வேறு ஏதாவது மொழி என்று இருந்தால் நல்லது.

ஓசூர்வாசி:

எங்கள் வீட்டில் சமையலறைதான் கோவில். 😀

கரூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று யூனிட்டில் வேலையே ஓடவில்லை. பிடிக்குமா என்றால், பழகிக்கொள்வேன் என்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடிகிறது. மச்சினருக்கு இன்னும் காட்டவில்லை.

மகளிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முழுவதும் படித்தாள். விடைத்தாள் பார்க்கும் பகுதியை இரண்டாவது தடவையும் படித்தாள் என்று நினைக்கிறேன், ஸ்க்ரோல் பண்ணி மேலே போனாள். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி வந்து, "குக்கர் எடுத்துட்டுப் போலாமான்னு கேளுப்பா" என்றாள். அப்புறம் வாரத்துக்கு எத்தனை தடவை போன் பண்ணலாம்? இது என் கேள்வி.

செவக்காட்டுப்பெண்:

குக்கர் தாராளமாக. ஆனால் அலுமினியம் வேண்டாம், இண்டக்ஷன் அடுப்பில் அது சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டும் ஸ்டீல் குக்கராக மூன்று லிட்டருக்குள் வாங்குங்கள், கேஸ்கெட் இரண்டு கூடுதலாக. மிக்ஸி கொண்டு வரலாம், இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு அடாப்டர் மட்டும் வேண்டும். அரிசி பருப்பெல்லாம் ஸ்டுட்கார்டிலேயே கிடைக்கும், பெட்டியில் அந்த எடையை வீணாக்காதீர்கள். நெய், பால்கோவா, மட்டன் ஊறுகாய் எதுவும் கட்டிக் கொடுக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டு வர அனுமதி இல்லை, விமான நிலையத்தில் பார்த்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். மிளகாய் வற்றல் புகைக்கு எங்கள் மாடியில் ஸ்மோக் அலாரம் அடித்து எல்லாரும் வாசலில் வந்து நின்ற கதை உண்டு.

போன் எத்தனை தடவை என்பதை அவளே முடிவு செய்யட்டும். எங்கள் வீட்டில் தினமும் "சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்து "சாப்பிட்டேன்" என்று முடிந்துவிடும். அப்பா ஒரு நாள் "இன்னைக்கு யாரைப் பார்த்தே?" என்று கேட்டார், அன்றைக்கு அரை மணி நேரம் பேசினோம்.

மாணவர் விடுதிக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இன்றைக்கே போடச் சொல்லுங்கள், இந்த ஊரில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள் சார்.